சாப்பாடும் அருளும்: வள்ளலார் வழியில் சில கேள்வி பதில்கள்

சன்மார்க்க அன்பர்களுக்கு வந்தனம். உணவு ஒழுக்கம் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வள்ளலாரின் உரைநடையை நெடுநாளாக வாசித்து வருபவன், ஊர்ச் சன்மார்க்க சங்கத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஐயா, புலால் விட்டுச் சில வருஷம் ஆகிவிட்டது. மனம் அமைதியாகும் என்றார்கள். கோபம் அப்படியேதான் இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

புலாலை விட்டது மிக நல்ல காரியம் தம்பி. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் வள்ளலார் சொன்னதில் அது பாதிதான். மோட்ச வீட்டுக்குத் திறவுகோல் என்று அவர் சொன்னது ஜீவகாருண்யத்தை. பிற உயிர் பசியாலோ கொலையாலோ துன்பப்படும்போது நம் ஆன்மாவில் உண்டாகும் உருக்கம் அது. கொல்லாமல் இருப்பது அதன் ஒரு பக்கம், பசியாற்றுவது மறுபக்கம். நம்மில் பலர் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறோம்.

அவர் செய்த வரிசையைப் பாருங்கள். வடலூரில் பசித்தவர்க்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலையை 1867 மே 23இல் தொடங்கினார். ஞானசபையில் வழிபாடு தொடங்கியது 1872இல்தான். முதலில் அடுப்பு, அப்புறம்தான் சபை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. எனக்கு இந்த வரிசையே பெரிய உபதேசமாகப் படுகிறது. வாரத்தில் ஒரு நாள், பணமாகக் கொடுக்காமல், உங்கள் கையாலேயே ஒருவருக்குப் பரிமாறுங்கள். பசித்தவர் முகம் சாப்பிடச் சாப்பிட மாறுவதைப் பார்க்கும்போது நம் உள்ளே இளகுகிறது. கோபம் இளக வேண்டிய இடமும் அதுதான்.

இன்னொன்று. எப்போதும் சோர்வு, எரிச்சல், கை கால் மரத்துப்போவது என்று இருந்தால் ரத்தத்தில் வைட்டமின் பி12 பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சைவ உணவில் பால், தயிர், மோர் தவிர மற்றவற்றில் அது அநேகமாக இல்லை. பாலும் சேர்க்காதவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். உடம்பில் உள்ள குறையை ஆன்மாவின் குறை என்று நினைத்து வருந்த வேண்டாம்.

கேள்வி (மதுரை): எனக்குச் சர்க்கரை உண்டு. வாரம் இரண்டு நாள் முழு விரதம் இருந்தால் தியானம் கூடுமா?

முழு விரதம் வேண்டாம் அம்மா. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடாதீர்கள்.

பசி மிகுந்தால் என்ன ஆகும் என்பதை வள்ளலார் போல விரிவாக எழுதியவர் குறைவு. அறிவு மயங்குகிறது, மனம் தளர்கிறது, கண் பஞ்சடைகிறது, காது கும்மென்று அடைக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். பசியை அவர் அவ்வளவு பயத்தோடு பார்த்தார். அந்த நிலைக்கு நம்மை நாமே தள்ளிக்கொள்வது வழிபாடு ஆகாது. மிதமாகச் சாப்பிடுங்கள், இரவில் குறைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் சாப்பிடுங்கள். பசித்தவர்க்குப் பசியாற்றுவதையே அவர் விரதம் என்கிறார். அந்த விரதத்தை நீங்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம்.

கேள்வி (சென்னை): வெங்காயம், பூண்டு சேர்க்கலாமா?

இதற்காக வீட்டில் சண்டை போடாதீர்கள், அவ்வளவுதான். சமையலில் புளியையும் மிளகாயையும் குறைத்து மிளகையும் சீரகத்தையும் கூட்டுங்கள். வள்ளலார் சொன்ன பக்குவம் அது.

கேள்வி (தஞ்சாவூர்): நெல்லுக்கும் கீரைக்கும் உயிர் உண்டுதானே? அதைத் தின்பது மட்டும் கொலை இல்லையா?

இந்தக் கேள்வியை வள்ளலாரே எழுப்பிப் பதிலும் எழுதியிருக்கிறார். தாவரங்களும் உயிர்தான், ஆனால் அவற்றில் உயிர் ஓரளவே விளங்குகிறது, தொடு உணர்ச்சி ஒன்றுதான் என்கிறார். விதை, காய், கனி, இலை ஆகியவற்றை எடுப்பது நகமும் ரோமமும் களைவது போன்றது, அதில் உயிர் போவதில்லை என்பது அவர் விளக்கம். நெற்பயிர் முற்றிக் காய்ந்த பிறகுதான் அறுக்கிறோம் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன், நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்குத் தெரியாததா? கேள்வி நல்ல கேள்வி. ஆனால் சிலர் கறி சாப்பிடுவதற்கு ஒரு சாக்காக இதைக் கேட்பதுண்டு. வாடிய பயிரைக் கண்டு வாடியவரிடம் அந்தச் சாக்கு செல்லாது.

கேள்வி (சேலம்): கணவரும் மாமியாரும் அசைவம். நான் மட்டும் விட்டுவிட்டேன். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவே மனம் வரவில்லை. அன்னதானத்தில் அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் போடலாமா?

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். தாராளமாகப் போடலாம். உயிர்க்கொலையும் புலாலும் உள்ளவர்களைப் புற இனத்தார் என்று பாடிய அதே பாட்டில், அவர்களுக்கும் பசி தவிர்க்கச் சொல்கிறார். வரிசையில் நிற்பவரிடம் என்ன சாப்பிடுவீர்கள், என்ன ஜாதி என்று கேட்கிற அன்னதானம் அவருடைய வழி அல்ல.

வீட்டு விஷயம் கஷ்டமானதுதான், எனக்குப் புரிகிறது. உங்கள் மனம் கூசுவது இயல்பு. கறி சமைக்க முடியாது என்பதை அன்பாக, ஒரே முறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் தட்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். மாமியாருக்குப் பிடித்த மாதிரி தூதுவளை ரசமோ கரிசலாங்கண்ணிக் கூட்டோ வைத்துப் பாருங்கள். வள்ளலார் உயர்வாகச் சொன்ன மூலிகைகள் இவை, ருசியும் குறைவில்லை. உங்கள் சமையலை அவர்கள் விரும்பிக் கேட்கும் நாளில் பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி (திருப்பூர்): பனியன் கம்பெனியில் வேலை. சம்பளம் வாடகைக்கே போகிறது. தர்மம் செய்ய வசதி இல்லாதவர்களுக்கு இந்த வழியில் இடம் உண்டா?

உண்டு தம்பி. உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி என்று திருமூலர் சொன்னது வசதி உள்ளவர்களுக்கு மட்டுமல்ல. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு டப்பாவில் போடுங்கள். மாதக் கடைசியில் பக்கத்துச் சங்கத்திலோ, தெருவில் தனியாக இருக்கும் பாட்டியிடமோ கொடுங்கள். அதற்கும் முடியாத மாதத்தில், விடுமுறை நாளில் அன்னதானம் நடக்கும் இடத்துக்குப் போய்க் காய் நறுக்குங்கள், பாத்திரம் கழுவுங்கள். எங்கள் சங்கத்தில் அரிசி எப்படியோ வந்துவிடுகிறது, பாத்திரம் கழுவத்தான் ஆள் கிடைப்பதில்லை.