வாசகர் கேள்வி – பதில்: பின்காற்றில் அடித்துக்கொள்ளும் முன்பாய்

கேள்வி: காற்று நேர் பின்னாலிருந்து 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்). படகின் வேகம் 6 நாட். அலை படகை உருட்டும்போதெல்லாம் முன்பாய் தொய்ந்து, மறுநொடியே படாரென்று விரிகிறது. ஷீட் கயிற்றை (பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு) இறுக்கியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஷீட்டை மட்டும் இறுக்கி இதை நிறுத்த முடியாது. 15 நாட் காற்றில் 6 நாட் ஓடும் படகின் பாய்க்குக் கிடைப்பது 9 நாட்தான். அலைமுகத்தில் சறுக்கி 8 நாட் எட்டினால் 7 நாட்தான் மிஞ்சும். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பாயைத் தாங்கும் விசை சுமார் 40 சதவீதம் குறைந்துவிடுகிறது. பின்னாலுள்ள பெரிய பாய் காற்றை மறைப்பதும் சேர்ந்துகொள்கிறது. பாய் விரியும் ஒவ்வொரு அடியும் முன்பாயைத் தாங்கும் முன்கம்பியையும், பாயை அதில் சுற்றிவைக்கும் சுருட்டியின் சுழலியையும், பாய் மூலையின் தையலையும் தாக்குகிறது. தள்ளிப்போடாதீர்கள்.

முன்பாயைப் பெரிய பாய்க்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் கழியால் விரித்துப் பிடியுங்கள். கழியின் நீளம் பாயின் அடிவிளிம்புக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கட்டும். கழி குட்டையாக இருந்தால் அதற்கேற்பப் பாயைச் சுருட்டிக்கொள்ளலாம். பாய் சுருட்டியிருக்கும்போதே, பாதுகாப்புக் கயிறு மாட்டிக்கொண்டு கழியை அமைத்துவிடுங்கள். உள்முனை பாய்மர வளையத்தில். வெளிமுனைக்கு மூன்று கயிறுகள்: பாய்மரத்திலிருந்து இறங்கும் தூக்குக்கயிறு ஒன்று, அணியத்துக்கு (படகின் முன்முனை) ஒன்று, அமரத்துக்கு (பின்முனை) ஒன்று. மூன்றையும் இறுக்கியதும் கழி அசையக் கூடாது. பக்கக் கம்பியில் உரசவும் கூடாது. பலர் அமரக் கயிற்றை விட்டுவிட்டு, அதன் வேலையை ஷீட்டிடமே ஒப்படைக்கிறார்கள். அப்போது பாய் தொய்ந்தால் கழியும் சேர்ந்து ஆடும். ஆட்டம் நிற்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஷீட் கயிறு கழிமுனையின் கொக்கி வழியே தடையின்றி ஓடி, அமரத்துக்கு அருகிலுள்ள கப்பிக்குப் போகட்டும். பாயை விரித்து, அதன் மூலை கழிமுனையை ஒட்டும்வரை வின்ச்சில் (கயிறு இழுக்கும் உருளை) இழுங்கள். கழி தரைமட்டமாக, மூலையின் உயரத்திலேயே நிற்க வேண்டும். கழிமுனை அதிகம் மேலே போனால் பாயின் மேல்பகுதி முறுக்கிக்கொண்டு காற்றைச் சிந்தும், உருளல் கூடும். கொக்கியில் கயிறு தேயும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை 10 செ.மீ. இழுத்தோ விட்டோ தேயும் இடத்தை மாற்றுங்கள்.

நேர் பின்காற்றில் ஓட்டாமல், முன்பாய் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று 10 முதல் 15 டிகிரி சாய்ந்து வருமாறு பிடித்தால் உருளல் தணியும், பெரிய பாயும் எதிர்பாராமல் மறுபக்கம் பாயாது. என்றாலும் பூம் (பெரிய பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கட்டை) முனையிலிருந்து அணியத்துக்கு ஒரு தடுப்புக்கயிறு கட்டாயம் வேண்டும்.

கேள்வி: கழி இல்லையென்றால்?

பதில்: பெரிய பாயை இறக்கி, பூமை வெளியே தள்ளித் தூக்கு, முன், பின் கயிறுகளால் கட்டிவிடுங்கள். அதன் முனையில் ஒரு கப்பி மாட்டி, அதே பக்கத்து ஷீட்டை அதன் வழியே செலுத்துங்கள். மிதமான காற்றுக்கு இது போதும். இல்லையேல் காற்றை நேர் பின்னிலிருந்து 30 டிகிரி விலக்கி, வளைந்து வளைந்து போவதே மேல். தூரம் கூடினாலும் பாய் நிறைந்தே நிற்கும்.

கேள்வி: கழி கட்டியிருக்கும்போது திடீரென்று காற்று வலுத்தால் கழியை முதலில் இறக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கழியைத் தொடாமல், ஷீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடியே சுருட்டும் கயிற்றை இழுங்கள். ஷீட்டை மொத்தமாக விட்டால் பாய் அடித்துக் கிழியும். பாய் சுருண்டபின், காற்று தணிந்ததும் கழியை இறக்கலாம்.