சர்வஜயா கொடுமைக்காரியா?

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நாவலையும் அதைத் தழுவி வந்த படத்தையும் பேசிவருகிறோம். இந்த மாதம் ‘பதேர் பாஞ்சாலி’, விபூதிபூஷணின் வங்க நாவலும் சத்யஜித் ராயின் படமும். வழக்கமாக எட்டரைக்கெல்லாம் கலைந்துவிடும் கூட்டம் அன்று பத்தரை வரை நீண்டது. காரணம் அந்த ஏழைக் குடும்பத்தின் தாய் சர்வஜயா. வீட்டில் அண்டியிருக்கும் கிழவியை அவள் விரட்டுகிறாள், கிழவி இறந்துபோகிறாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “அந்தக் கிழவியைக் கொன்றது அவள்தான், வேறு பேச்சே வேண்டாம்” என்றார். மற்றவர்கள், “வறுமைதான் குற்றவாளி, அவளை எதற்குத் திட்டுகிறீர்கள்” என்றார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. கடைசியில் அவள் மகன் அபு, இறந்துபோன அக்கா துர்க்கா திருடி ஒளித்துவைத்திருந்த பாசிமணி மாலையைக் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, பிறகு மூடிக்கொள்கிறது. அது காலம், மறதி, சமூகம் என்று ஆளுக்கொரு அர்த்தம் சொன்னோம். ஒருவர் மாயை என்றார். இல்லாததை எல்லாம் நாங்களாகப் பார்க்கிறோமோ?

அன்புடன்,
எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்,

முதலில் ஒரு ஒப்புதல். கல்லூரி நாட்களில் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது நானும் உங்கள் ஆசிரியரின் கட்சிதான். உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த கிழவி தண்ணீர் கேட்கிறாள், இவள் எழுந்து ஊற்றிக் கொடுக்கக்கூட இல்லை. கிழவி தானே மொண்டு குடித்துவிட்டு மிச்சத்தைச் செடிக்கு ஊற்றுகிறாள். அதைப் பார்த்த பிறகு சர்வஜயா என்ன பாடுபட்டாலும் எனக்கு இரக்கம் வரவில்லை. நாற்பது வயதுக்கு மேல் மறுபடி பார்த்தபோதுதான் இந்தப் படமே அவளுடையது என்று பட்டது.

வறுமை என்ற பதிலில் என்ன கோளாறு என்றால், அதைச் சொன்னதும் பாத்திரங்கள் எல்லாம் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். அந்த வீட்டில் ஐந்து பேர்: சர்வஜயா, கணவர் ஹரிஹர், மகள் துர்க்கா, மகன் அபு, கிழவி. ஐவருக்கும் ஒரே கஞ்சி, ஒரே ஒழுகுகிற கூரை. ஹரிஹர் சிரிக்கிறார், நாடகம் எழுதிப் பிழைக்கலாம் என்று கனவு காண்கிறார். துர்க்கா பக்கத்துத் தோப்பில் கொய்யாவைத் திருடி அத்தைக் கிழவிக்குக் கொண்டுவந்து கொடுக்கிறாள். கிழவி கூச்சமில்லாமல் யாரிடமும் எதையும் கேட்கிறாள். சர்வஜயா மட்டும் எரிகிறாள். ஏன் அவள் மட்டும் என்று கேட்டால்தான் பாத்திரத்துக்குள் நுழைய முடியும்.

எனக்கு வழி திறந்தது சால்வைக் காட்சியில். கிழவிக்குக் குளிர்கிறது. வீட்டில் வாங்கித் தர வழியில்லை. ஊரில் ஒருவர் ஒரு சால்வையைக் கொடுக்க, அதைப் போர்த்திக்கொண்டு சந்தோஷமாக வந்து நிற்கிறாள். சர்வஜயாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. காசு செலவில்லை, வீட்டுக்கு ஒரு பொருள் மிச்சம். வறுமைதான் அவளை ஆட்டிவைக்கிறது என்றால் அவள் நிம்மதி அல்லவா அடைந்திருக்க வேண்டும்? அவளைக் குத்துவது வேறு. ‘அந்த வீட்டில் ஒரு கிழவிக்குப் போர்வை வாங்கக்கூட வக்கில்லை’ என்பது இப்போது ஊர் அறிந்த செய்தி. நம் மொழியில் இதற்கு ‘மானம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. இதைவிட நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மற்றக் காட்சிகளைத் திருப்பிப் பாருங்கள். மாலையைக் காணோம் என்று பக்கத்து வீட்டுக்காரி மகளோடு வாசலில் வந்து கத்தும்போது துர்க்காவைத் திருடி என்கிறாள், பழைய கடனையும் சேர்த்து இழுக்கிறாள். அவள் போனதும் சர்வஜயா மகளின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். சற்று நேரம் கழித்து, அக்காவைச் சாப்பிடக் கூப்பிடு என்று அபுவை அனுப்புவதும் அவள்தான். ஹரிஹர் மாதக் கணக்கில் ஊரில் இல்லாதபோது பாத்திரங்களை விற்றுச் சமாளிக்கிறாள், யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. ஹரிஹரோ வேலை பார்த்த கூலி பாக்கியைக் கேட்கவே தயங்குகிற ஆள். எல்லோருக்கும் பிடித்த மனிதர், சாது. அந்தச் சாதுத்தனத்துக்கான செலவு முழுக்க மனைவி கணக்கில் எழுதப்படுகிறது. சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் நல்லவர்களாக இருக்கும் வீட்டில் ‘இல்லை’ என்று சொல்ல ஒருத்தி வேண்டியிருக்கிறது. எனக்கு ஹரிஹர் மேல் கொஞ்சம் கோபம்கூட உண்டு, அது இருக்கட்டும்.

கிழவி ஏன் கூச்சமில்லாமல் கேட்கிறாள்? இதற்கு விடை நாவலில்தான் இருக்கிறது. படம் மட்டும் பார்த்தவர்களுக்குக் கிடைக்காது. விபூதிபூஷண் பந்தோபாத்யாய 1929இல் புத்தகமாக வந்த அந்த நாவலின் முதல் பகுதிக்கு ‘பல்லாளி பாலாய்’ என்று பெயர் வைத்தார். வல்லாளனால் வந்த பீடை என்று சொல்லலாம். 12ஆம் நூற்றாண்டில் வங்கத்தை ஆண்ட வல்லாள சேனன்தான் குலீன முறையை ஏற்படுத்தினான் என்பது அங்கே மரபு. உயர்குலப் பிராமணன் ஒருவனுக்கே பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதால் ஒரு குலீனனுக்குப் பல மனைவிகள். அவரவர் பிறந்த வீட்டிலேயே அவரவர் கிடப்பார்கள். மாப்பிள்ளை எப்போதாவது வந்து, மரியாதைப் பணத்தை வாங்கிக்கொண்டு போவான். நம் கிழவி இந்திர் தாக்ருண் அப்படி ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தனக்கென்று ஒரு அடுப்பு அவளுக்கு அமைந்ததே இல்லை. இப்போதும் ஹரிஹருக்கு ஏதோ தூரத்து முறையில் அக்கா என்பதுதான் பிடி. கேட்டு வாங்கிப் பிழைப்பதைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு தெரியாது. கேட்பதே வாழ்க்கையான ஒருத்தியும், கேட்பதைவிடச் சாவதே மேல் என்று நினைக்கிற ஒருத்தியும் ஒரே முற்றத்தில் புழங்க வேண்டியிருக்கிறது. அந்த மோதலில் யார் கெட்டவள் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றித் தராதது தவறுதான். அதை மானம் என்று சொல்லி நான் மெழுகப் போவதில்லை.

நாவலில் அபு கைக்குழந்தையாக இருக்கும்போதே கிழவி இறந்துவிடுகிறாள். அவளோடு அந்த ஊரின் பழைய காலம் முடிந்தது என்று ஆசிரியர் அந்தக் கணக்கை மூடிவிடுகிறார். சத்யஜித் ராய் 1955இல் வெளிவந்த படத்தில் அந்தச் சாவைத் தள்ளிப்போட்டார். அபு வளர்ந்து, அக்காவோடு நாணல் பூக்களுக்கு நடுவே ஓடி ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், மூங்கில் தோப்பில் குந்தியிருக்கும் கிழவியைப் பார்க்கிறார்கள். துர்க்கா விளையாட்டாகத் தொட்டு அசைக்க, அவள் சாய்ந்துவிடுகிறாள். செம்பு உருண்டு போகிறது. நாவலாசிரியருக்கு ஒரு காலத்தின் முடிவாக இருந்தது, படத்தில் இரண்டு குழந்தைகளின் முதல் சாவாக மாறிவிட்டது. குலீன வரலாறு படத்தில் போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் கிழவியாக நடித்த சுனிபாலா தேவியின் முகத்தைப் பார்க்கும்போது அதைப் பெரிதாகச் சொல்லத் தோன்றவில்லை. பேசாப் படக் காலத்து நடிகை, அப்போது எண்பது வயதை ஒட்டியவர். படம் திரைக்கு வருமுன்பே போய்விட்டார்.

சரி, மாலைக்கு வருகிறேன். நாவலில் பாசிமணி மாலை விவகாரம் தனி. கடைசியில் அபு கண்டெடுப்பது ஒரு தங்கக் குங்குமச் சிமிழ். அதை அவன் மூங்கில் புதருக்குள் எறிகிறான். ராய் இரண்டையும் ஒன்றாக்கி, தங்கத்தை விட்டுவிட்டுப் பாசிமணியை வைத்துக்கொண்டார். தங்கம் என்றால் விற்கலாம், அரிசி வாங்கலாம். பாசிமணி ஒரு சிறுமிக்கு ஆசைப்பொருள் என்பதைத் தவிர எதற்கும் உதவாது.

காலம், மறதி எல்லாம் இருக்கட்டும். அதற்கு முன்னால், பையன் அந்த நேரத்தில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். காசிக்குக் கிளம்ப மூட்டை கட்டுகிறார்கள். பரணில் கைவிட்டுத் துழாவியவனுக்கு மாலை கிடைக்கிறது, கூடவே ஒரு சிலந்தியும். அக்கா செத்துப்போய்விட்டாள். அவள் உண்மையிலேயே எடுத்திருக்கிறாள் என்பது இப்போது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அப்பாவிடம் காட்டவில்லை, அம்மாவிடமும் காட்டவில்லை. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி மூடும் வரை நின்று பார்க்கிறான், மூடிவிட்டதா என்று சரிபார்ப்பவன் போல. அம்மா ஆயுள் முழுக்க ஊரிடமிருந்து எதை மறைக்கப் பாடுபட்டாளோ அதையே அவளுக்காகவும் அக்காவுக்காகவும் அவன் செய்கிறான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சர்வஜயாவின் மகன் அவன் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மாயை என்று சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

நீங்கள் அடுத்து இதன் தொடர்ச்சியான ‘அபராஜிதோ’வுக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். அதில் சர்வஜயா நோயில் விழுந்த பிறகும் கல்கத்தாவில் படிக்கும் மகனுக்கு அதைச் சொல்லாமல் மறைக்கிறாள். மரத்தடியில் தனியாக உட்கார்ந்து ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் காட்சி வரும்போது உங்கள் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.