பழைய காருக்குப் பெயின்ட் அடிக்கும்போது, சுரண்டிய தகடு கறள் பிடிக்காமல் வைத்திருப்பது எப்படி?

1958 மொரிஸ் மைனர், பொனட்டைச் சுரண்டியாயிற்று, ஒரு வாரத்துக்குள் மினுமினுப்புப் போய் மண்ணிறமாகிவிட்டது. ஒருவர் மண்ணெண்ணெய் பூசச் சொல்கிறார், இன்னொருவர் சாம்பல் பிரைமரை அடித்து மூடிவிடச் சொல்கிறார், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். கொழும்பில் வெறும் தகட்டை வெறும் தகடாகவே வைத்துக் காப்பாற்ற முடியாது. ஒரு நாளில் எவ்வளவு தகட்டை இரட்டைக் கலவை இபொக்சி பிரைமரால் (இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் அடிப்பூச்சு) மூட முடியுமோ, அன்றைக்கு அவ்வளவை மட்டும் சுரண்டுங்கள். ஒரு கதவு என்றால் ஒரு கதவு. மற்ற இடங்களில் பழைய பெயின்ட் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

கறள் பிடிக்க மழை பெய்யத் தேவையில்லை. காற்றின் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பில் படிந்து வேலையைத் தொடங்கிவிடும். நம் ஊரில் காற்று அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அதோடு கடல் உப்பு வேறு. உப்பு 75 வீத ஈரப்பதனில் காற்றிலிருந்து தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலோர ரயில் பாதையோரமாகக் கார் நிற்கிறதென்றால் மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பொனட்டைக் கிட்டே போய்ப் பாருங்கள். கறள் ஒரே சீராக வந்திருக்காது. எங்கள் மைனரின் டிக்கி மூடியில் ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சடித்தது போலச் செம்மண் நிறத்தில் தெரிந்தன. வேலை பார்க்க வந்த மாமா, "வடிவா வந்திருக்கு" என்று தடவிப் பார்த்துவிட்டுப் போன தடம் அது. வியர்வையிலும் உப்புத்தானே. ஆகவே சுரண்டிய தகட்டைக் கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது, மாமாக்கள் உட்பட.

மண்ணெண்ணெய், டீசல், டபிள்யூடி-40 எல்லாம் சில நாள் தாங்கும். ஆனால் மடிப்புகளுக்குள்ளும் தகடுகள் சேரும் இடுக்குகளுக்குள்ளும் போன எண்ணெயை எந்தத் துணியாலும் துடைத்தெடுக்க முடியாது. பெயின்ட் அடிக்கும் நாளில் அது கசிந்து வரும், மேலே பெயின்ட் குழி குழியாக விலகும்.

சாம்பல் பிரைமர் இதைவிட மோசம், ஏனென்றால் அது பாதுகாப்பாக இருப்பது போல் தெரியும். தின்னர் காய்ந்ததும் இறுகும் சாதாரண என்சி (நைட்ரோசெலுலோஸ்) பிரைமரில் நுண்ணிய துளைகள் நிறைய. ஈரம் தாராளமாக உள்ளே போகும். காசு சேரும்வரை மாதக்கணக்கில் சாம்பல் நிறத்தில் நிற்கும் கார்களை நம் ஒழுங்கைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாம்பலுக்கு அடியில் கறள் ஓடிக்கொண்டிருக்கும். இபொக்சி அப்படியல்ல, முழுதாக இறுகியபின் ஈரத்தை நன்றாகவே தடுக்கும்.

அடுத்தது கெட்டலோய், அதாவது பள்ளம் நிரப்பிச் சமப்படுத்தும் பசை. வெறும் தகட்டில் போட்டால்தான் பிடிக்கும் என்று பெயின்ட் பாஸ் (பெயின்ட் அடிக்கும் தொழிலாளி) அடம்பிடிப்பார். பிடிக்கும்தான், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் பொருள். முதலில் இபொக்சி, அது காய்ந்ததும் 180 நம்பர் சாண்ட் பேப்பரால் கீறிவிட்டு அதன்மேல் கெட்டலோய் என்ற ஒழுங்கில் செய்யச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பாஸுடன் சண்டை பிடித்தாலும் பரவாயில்லை.

பிரைமர் அடிக்கும் நாளில் தகட்டைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டாம். 80 நம்பரில் உலர்வாகத் தேய்த்து, கிரீஸ் நீக்கும் திரவத்தை ஒரு துணியால் பூசி, அது காயும் முன் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். பெயின்ட் விசிறக் காற்றுத் தரும் கொம்பிரசர் தாங்கியின் அடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். நம் காற்றுக்கு அதற்குள் எவ்வளவு தண்ணீர் சேரும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். நேரமும் முக்கியம். பனி படியும் வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 பாகையாவது சூடாக இருக்க வேண்டும். 30 பாகை வெயிலும் 75 வீத ஈரப்பதனும் என்றால் பனி படியும் வெப்பநிலை கிட்டத்தட்ட 25. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தகட்டில் விடியற்காலையில் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முற்பகல் பத்து மணிக்குப் பிறகு தொடங்குங்கள், மழை இருட்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மாதம் தெரிவு செய்ய முடியுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது.

குழி விழுந்த கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் பயன்படும். ஆனால் மிச்சம் கிடக்கும் அமிலத்தின் மேல் இபொக்சி ஒட்டாமல் போகலாம். தகட்டை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரும் அமிலம் கலந்ததுதான், அதன்மேல் நேரே கெட்டலோய் போடாதீர்கள். எதன்மேல் எதை அடிக்கலாம் என்பதைப் பெயின்ட் கம்பனியின் தாளில் பாருங்கள்.

மைனரில் இன்னொரு வசதி உண்டு. நான்கு மட்கார்டுகளும் போல்ட்டில்தான் நிற்கின்றன. கழற்றாமல் டேப் ஒட்டி அடித்துத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மட்கார்டுக்கும் கார் உடலுக்கும் நடுவில் ஓடும் பீடிங் என்ற ஒடுங்கிய பட்டியின் பின்னால்தான் சேறும் தண்ணீரும் தங்கும். கழற்றி, இரண்டு பக்க விளிம்புக்கும் இபொக்சி அடித்து, புதுப் பீடிங் வைத்துப் பூட்டுங்கள்.

இப்போது மண்ணிறமாக நிற்கும் பொனட்டுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மேலோட்டமான கறள்தான், 80 நம்பரில் தேய்த்தால் வெள்ளைத் தகடு வந்துவிடும், அன்றே இபொக்சி அடியுங்கள். பெயின்ட் எல்லாம் முடிந்தபின் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் (sill) என்ற பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் மெழுகு ஸ்பிரே அடித்துவிடுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். மெழுகோ பெயின்டோ அவற்றை அடைத்துவிட்டதா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள்.