அறுத்துக் கட்டியவளின் பங்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

கைம்பெண்களின் சொத்துரிமை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் சாதியில் மொட்டையும் வெள்ளைச் சேலையும் கிடையாது. அறுத்துக் கட்டுவது, அதாவது தாலி அறுத்தவள் மறுமணம் செய்துகொள்வது, பழைய வழக்கம். 1856இலேயே மறுமணச் சட்டமும் வந்துவிட்டது. அப்படியிருந்தும், முதல் கணவர் இறந்தபின் எங்கள் தாத்தாவைக் கட்டிக்கொண்ட அப்பாயிக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு குழி நிலம்கூட வரவில்லையே, ஏன்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

விடை நீங்கள் குறிப்பிட்ட சட்டத்திலேயே இருக்கிறது. மறுமணம் செல்லும் என்று சொன்ன அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, மறுமணம் செய்தவள் அன்றே இறந்துவிட்டதாகக் கொண்டு, முதல் கணவரின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை முடிந்தது என்கிறது. மறுமணத்துக்கு இடமே தராத சாதிகளை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இது. தலைமுறைகளாக அறுத்துக் கட்டிவந்த சாதிகளில் மறுமணம் செய்தவளும் நிலத்தை இழப்பாளா என்று கேட்டபோது, அலகாபாத் உயர் நீதிமன்றம் இல்லை என்றது. சென்னை உயர் நீதிமன்றமோ 1877இல், ஒரு மறவர் பெண்ணின் வழக்கில், இழப்பாள் என்றே தீர்ப்பளித்தது. பள்ளியில் நாம் சீர்திருத்தம் என்று மனப்பாடம் செய்த சட்டத்துக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

மறுமணம் செய்யாதவளுக்கும் ஆயுள்கால அனுபவம்தான் கிடைத்தது. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமே முழு உரிமை தந்தது. ஆனால் உரிமை ஏட்டில் ஏறியபின் அதைப் பறிக்கும் இடம் பதிவு அலுவலகத்துக்கு மாறியது. என் சின்னம்மாவின் வீட்டில் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போட்ட பந்தலைப் பிரிக்குமுன்பே, வாரிசுச் சான்றிதழுக்கு வேண்டும் என்று சொல்லிக் கொழுந்தனார் அவரிடம் கைநாட்டு வாங்கினார். அது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று சின்னம்மாவுக்குத் தெரியவந்தபோது பட்டா மாறியிருந்தது. இப்போது அவருக்கு வருவது, 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்த விதவை ஓய்வூதியம் மட்டுமே.

உங்கள் அப்பாயியின் முதல் கணவர் இறந்த ஆண்டைத் தேடிப் பாருங்கள். வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1956 ஜூன் 17க்குப் பிறகு என்றால், கணவர் பங்கில் ஒரு பாகம் அன்றே அவருக்கு முழு உரிமையாகியிருக்கும். பின்னர் செய்த மறுமணம் அதைப் பறிக்காது. அவர் இறந்ததும் அப்பாயி மறுமணம் செய்ததும் அதற்கு முன்பு என்றால், 1983இல் நீக்கப்பட்ட அந்தப் பழைய சட்டத்தின் கணக்கில்தான் அவருடைய நிலம் போயிருக்கிறது.