வன்னியிலிருந்து போய், பெரிய ஓடிட் (கணக்காய்வு) நிறுவனத்தில் பயிலுநராக இருந்துகொண்டே சீ.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர் படிப்பு, படிக்க முடியுமா?

கேட்டிருப்பவர் முள்ளியவளைத் தங்கச்சி ஒருவர். ஏ.எல் வணிகப் பிரிவு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார். ஆங்கிலம் சுமார்தான் என்கிறார். வேலையும் படிப்பும் ஒன்றையொன்று தின்றுவிடாதா என்பது அவருடைய பயம்.

முடியும் தங்கச்சி. நான் உருத்திரபுரம். அப்பா இரணைமடுத் தண்ணியில் வயல் செய்கிறவர். 2021இல் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்து மூன்று வருடப் பயிற்சியை முடித்தேன். இப்போது கிளிநொச்சியில் வேலை, மிச்சப் பாடங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பயம் எனக்கும் இருந்தது. அது பாதிதான் உண்மை. நேரத்தை வேலை தின்னும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பாடத்தை எனக்கு விளங்க வைத்ததும் அதே வேலைதான்.

முதலில் நேரத்தைச் சொல்கிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்லாத விசயம் அது. இங்கே பெரும்பாலான கம்பனிகளின் கணக்கு வருடம் மார்ச் 31இல் முடியும், வங்கிகளுக்கு டிசம்பர் 31. அதனால் ஜனவரியில் தொடங்கும் நெருக்கடி ஏப்ரல், மே, ஜூனில் உச்சத்துக்குப் போகும். அதை ‘சீசன்’ என்பார்கள். நான் எழுதிய காலத்தில் பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும் வந்தது. அதாவது இரவு எட்டு மணிக்கும் கிளையன்ட் (நாங்கள் கணக்கைப் பார்க்கும் கம்பனி) அலுவலகத்தில் வவுச்சர், அதாவது செலவுச் சீட்டு, புரட்டிக்கொண்டிருக்கும் மாதத்திலேயே ஒரு பரீட்சை. முதல் வருடம் எனக்கு அது தெரியாது. எல்லாப் பாடத்தையும் ஜூனுக்குப் போட்டேன், இரண்டு பாடம் போயிற்று. வெள்ளவத்தை போர்டிங்கில் முடிவைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் போனே எடுக்கவில்லை. பிறகு ஜூனுக்கு இலகுவான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பாரமான பாடங்களை டிசம்பருக்குத் தள்ளினேன். படிப்பு லீவை ஜனவரி கடைசிக்குள் எழுதிக் கொடுங்கள். சீசனுக்கு யார் எந்தக் கிளையன்டுக்கு என்று அட்டவணை போட்ட பிறகு கேட்டால் மனேஜரும் பாவம், ஆள் இல்லாமல் எங்கே போவார்.

இனி வேலை. முதல் ஆறு மாதம் செய்தது அநேகமாக வவுச்சிங்தான். விலைப்பட்டியல், பொருள் வந்து சேர்ந்த பற்றுச்சீட்டு, காசோலை, கையெழுத்து என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பது. பிறகு சம்பளப் பட்டியலைத் திரும்பக் கணக்குப் பார்க்கத் தருவார்கள். ஊழியரிடம் 8 வீதம் ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), முதலாளி தரப்பில் 12 வீதம், அதோடு ஈ.ரீ.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். கூடப் படித்தவர்கள் பலர் இதைக் கூலி வேலை என்று நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாய்ப்பாடாகப் பாடமாக்கிய உள்ளகக் கட்டுப்பாடு (பிழையும் களவும் நடக்காமல் ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்கும்படி கம்பனிக்குள் வைக்கும் ஒழுங்கு) என்ற சொல், ஒரே ஆள் பொருளையும் வாங்கி, பதிவையும் எழுதி, காசோலைக்கும் கையெழுத்து வைத்திருந்த ஒரு வவுச்சரைக் கையில் எடுத்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2022 மார்ச் 31ஐ மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கிளையன்டுக்குக் கிளிநொச்சிப் பக்கம் நெல்லுக் களஞ்சியம் இருந்தது. வருட முடிவு இருப்பு எண்ண ஆள் போகவேண்டும். தமிழ் தெரியும் என்பதால் என்னையும் ஒரு சிங்களச் சீனியர் அண்ணாவையும் அனுப்பினார்கள். டீசல் கிடைக்காத காலம், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. இரவு பஸ்ஸில் வந்து முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு விடியப் போய்ச் சேர்ந்தோம். அதற்கு முதல் வருடத்து இரசாயன உரத் தடையால் காலபோகம் (மாரி மழைக்கால நெல்) படுத்துவிட்டிருந்தது, களஞ்சியத்தில் பாதி வெறும் நிலம். மீதியில் ஆறு அட்டி, அதாவது ஆறு அடுக்கு, நெல்மூட்டை.

சீனியர் அண்ணா போன் வெளிச்சத்தில் நீளப்பக்கம், அகலப்பக்கம், உயரம் மூன்றையும் எண்ணிப் பெருக்கினார். களஞ்சியப் பொறுப்பாளரின் இருப்பு அட்டையில் இருந்ததைவிட எங்கள் எண்ணிக்கை கூட வந்தது. அட்டை பிழை என்று எழுதப் போனார். எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பா சரியாகக் காயாத நெல்லை அடுக்கும்போது நடுவில் இடம் விட்டுத்தான் அடுக்குவார், இல்லாவிட்டால் உள்ளே வெக்கை ஏறி நெல் மணம் பிடித்துவிடும். “அண்ணா, மேலே ஏறிப் பார்ப்போமா” என்று கேட்டேன். ஏறினோம். ஆறில் நான்கு அட்டிகளின் நடுவில் கிணறு மாதிரி ஒரு பொந்து. பொறுப்பாளர் அதைக் கழித்துத்தான் அட்டை எழுதியிருந்தார். மூட்டை கணக்கு நேராகிவிட்டது.

ஆனால் எடை ஒத்துவரவில்லை. சில மூட்டைகளைத் தராசில் ஏற்றினால் வாங்கிய நாள் எழுதிய கிலோவைவிடக் குறைவு. களவு என்று சந்தேகப்படும் முன் ஈரப்பதன் கருவியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வாங்கும்போது ஈரமாக இருந்த நெல் 14 வீதத்துக்குக் காய்ந்திருந்தது. நெல் காயக் காய எடை இறங்கும், அது வன்னியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கொள்வனவுப் புத்தகத்தில் இருந்த ஈரப்பதனை எடுத்து, குறைவு எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குப் பார்த்து, கோப்பில் எழுதினோம்.

திரும்பி வந்து கணக்காய்வு நியமம் 501ஐத் திறந்தேன். இருப்பு எண்ணும் இடத்துக்குக் கணக்காய்வாளர் நேரில் போய் என்னென்ன பார்க்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. அதுவரை எனக்கு அது வெறும் நான்கு வரி. அன்றைக்கு ஒவ்வொரு வரிக்கும் கண்முன் ஒரு மூட்டை நின்றது. கணக்கீட்டு நியமம் 2இல் வரும் ‘கிரயம், தேறிய தேறத்தக்க பெறுமதி இரண்டில் குறைந்தது’ என்பதும் அப்படித்தான். கிரயம் என்பது வாங்கிய செலவு, மற்றது விற்றால் விற்கும் செலவு போகக் கையில் வரும் தொகை, இருப்பை இரண்டில் குறைந்ததில் எழுதவேண்டும். நெல் விலை ஏறிக்கொண்டிருந்ததால் அந்த முறை கிரயமே குறைவு. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தபோது நான் யோசிக்கவே இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு பாடத்தையும் ஊருக்குக் கொண்டுவந்து வைத்துப் படித்தேன். கணக்கீட்டு நியமம் 41 விவசாயம் பற்றியது. புத்தகத்தில் திராட்சைக் கொடியைக் காட்டுவார்கள். நான் பளைத் தென்னந்தோட்டத்தை வைத்துக்கொண்டேன். தென்னை வருடக்கணக்காகக் காய்க்கும் மரம், ஆகவே ஆலையில் இருக்கும் இயந்திரம் போல நியமம் 16க்குள் போகும், அதற்குப் பெறுமானத் தேய்வு (வருடா வருடம் பெறுமதி குறைவதைச் செலவாக எழுதுவது) போடவேண்டும். மரத்தில் தொங்கும் தேங்காய் நியமம் 41. பறித்துக் குவித்த பிறகு நியமம் 2. ஒரே மரம், மூன்று நியமம். இதை ஒருதரம் பளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது மேலே பார்த்துப் பார்த்து மனதுக்குள் சொல்லிப் பழகினேன்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். கஷ்டப்பட்டேன், மறைக்கவில்லை. கோப்பு முழுக்க ஆங்கிலத்தில் எழுதவேண்டும். என் முதல் கோப்பு 23 திருத்தக் குறிப்புகளோடு திரும்பி வந்தது, அதில் பாதிக்குமேல் கணக்குப் பிழையல்ல, வசனப் பிழை. முந்தைய வருடத்துக் கோப்புகளை எடுத்து, நல்லாய் எழுதியிருந்த பந்திகளைக் கொப்பியில் பார்த்து எழுதினேன். ஆறேழு மாதத்தில் கை பழகிவிட்டது. நான் எதிர்பாராதது சிங்களம்தான். கிளையன்ட் அலுவலகத்துக் கணக்கு எழுதும் அக்காமார் சிங்களத்தில்தான் கதைப்பார்கள், அவர்களிடம் சிரித்துப் பேசி ஒரு வவுச்சர் கேட்கத் தெரியவேண்டும். அதை இப்போதே தொடங்குங்கள். ரிசல்ட் வரும்வரை ஏ.ஏ.ரி. என்ற கணக்கீட்டுப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், வீணாகாது.

பணம்: பயிலுநர் கொடுப்பனவு போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமட்டு. முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்து கொஞ்சம் வரவேண்டியிருக்கும். அப்பா அம்மாவிடம் இதை முதலே சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் அவர்களுக்கும் கஷ்டம் உங்களுக்கும் கஷ்டம்.

நேர்முகத்துக்கு என்ன கொண்டுபோவது என்று கேட்பீர்கள். சான்றிதழ் எல்லாரிடமும் இருக்கும். நான் அப்பாவின் வயல் கணக்குக் கொப்பியைக் கொண்டுபோனேன். காலபோகம், சிறுபோகம் (கோடை நெல்) இரண்டுக்கும் உழவு, உரம், எண்ணெய், வெட்டு மெசின் கூலி, வித்த நெல் என்று அவர் எழுதியதை நான் எக்செலில் போட்டு வைத்திருந்தேன். எதிரில் இருந்தவர் சான்றிதழை ஒதுக்கிவிட்டுப் பத்து நிமிடம் அதையே புரட்டினார். பிறகு, “விதைக்கு எடுத்து வைத்த நெல்லை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். தேடினேன், எங்கேயும் இல்லை. இல்லை என்றேன். அதை எப்படி எழுதுவீர்கள் என்றார். சந்தை விலையில் வரவாகவும், அடுத்த போகத்துக்குச் செலவாகவும் எழுதவேண்டும் என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். அந்த வருடக் காலபோகத்திலிருந்து அப்பாவின் கொப்பியில் விதைநெல்லுக்கு ஒரு தனிப் பக்கம் இருக்கிறது.