மார்கெரித் துராஸின் 'இந்தியா சாங்' படத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: நாவலாசிரியர் மார்கெரித் துராஸ் இயக்கிய 'இந்தியா சாங்' படத்தை அரை மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. திரையில் ஒருவரும் வாய் திறந்து பேசவே இல்லை. இந்த மாதிரிப் படங்களை எப்படித்தான் பார்ப்பது?

பதில்:

முதல் தடவை நானும் பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாம் தடவை, இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தபோதுதான் பிடிபட்டது. இதை முதலில் கேட்க வேண்டும். பார்ப்பது அதற்கு அப்புறம்.

சின்ன வயதில் எங்கள் வீட்டு வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்போம். படத்தின் வசனமும் பாட்டும் மட்டும்தான் வரும். பார்க்காத படத்தின் வீடு, வாசல், கதாநாயகி கட்டியிருக்கும் சேலையின் நிறம் வரை அம்மா சொல்லிவிடுவார். அந்தக் காது உங்களுக்கும் இருந்தால் துராஸ் அவ்வளவு தூரமில்லை.

1975இல் வந்த படம். கதை 1937இல், கல்கத்தாவில் நடக்கிறது. பிரெஞ்சுத் தூதரின் மனைவி ஆன்-மரீ ஸ்ட்ரெத்தராக தெல்ஃபீன் சேரிக். லாகூரில் ஏதோ பயங்கரம் செய்துவிட்டு வந்திருக்கும் துணைத் தூதராக மிஷேல் லொன்ஸ்டேல். விருந்து நடக்கிறது, ஜோடிகள் ஆடுகிறார்கள். வம்பு பேசும் குரல்கள் திரைக்கு வெளியிலிருந்து வருகின்றன. திரையில் இருப்பவர்களின் உதடு அசைவதில்லை. கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடி. யார் ஆள், யார் பிம்பம் என்று சட்டென்று தெரியாது. விருந்தின் முடிவில் துணைத் தூதர் அவள் பெயரைச் சொல்லிக் கதறுகிறார். இத்தனை அடங்கிய படத்தில் அந்தக் கதறல் உடம்பை உலுக்கிவிடும்.

இந்தியாவில் ஒரு காட்சிகூட எடுக்கப்படவில்லை. வெளியே தெரியும் தூதரகம், பாரிஸை ஒட்டிய ஊரில் பாழடைந்து கிடந்த ரோத்ஸ்சைல்டு மாளிகை. 1937இல் கல்கத்தாவில் பிரெஞ்சுத் தூதர் என்று ஒருவர் இருக்கவும் முடியாது. அது பிரிட்டிஷ் இந்தியா, தலைநகரமும் தில்லிக்குப் போய்விட்டது. நம் நாட்டை வெள்ளைக்காரர்களின் சோகத்துக்குத் திரைச்சீலை ஆக்கிவிட்டாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தைத் தணித்தவள் கதையில் உள்ள ஒரு பிச்சைக்காரி. லாவோஸின் சவன்னகேத்திலிருந்து நடந்தே வந்தவள் அவள். திரையில் ஒரு தடவையும் வருவதில்லை. சிரிப்பும் பாட்டும் மட்டும் கேட்கின்றன. படம் தொடங்குவதே மெல்ல மறையும் சூரியன்மேல் கேட்கும் அவள் குரலில்தான். மாளிகைக்குள் இருப்பவர்கள் அவளைப் பார்ப்பதில்லை, அவள் குரலை வெளியே நிறுத்தவும் அவர்களால் முடியவில்லை. எனக்கு இது அவளுடைய படம்.

அடுத்த வருடம் துராஸ் செய்ததைக் கேளுங்கள். இதே ஒலித்தடத்தை அப்படியே எடுத்து, உடைந்த சன்னல்களும் ஈரம் ஏறிய சுவர்களுமாக அந்த மாளிகையின் பாழை மட்டும் படம்பிடித்து, இன்னொரு படம் ஆக்கினார். ஆட்கள் அநேகமாக இல்லை. ஒலிச்சித்திரத்துக்கு இதைவிட நெருக்கமாக நான் எதையும் பார்த்ததில்லை.

தன் நாவல்களை மற்றவர்கள் படமாக்கிய விதம் அவருக்குத் திருப்தியாக இல்லை. இயக்க வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சொல்லை அழகான காட்சிகளுக்கு அடியில் புதைக்க அவர் விடமாட்டார். 1977இல் வந்த 'லாரி' படத்தில் அவரும் நடிகர் ஜெரார் தெபார்தியூவும் மேசையில் உட்கார்ந்து திரைக்கதையை வாசிக்கிறார்கள். இடையிடையே ஒரு நீல லாரி சாலையில் போகிறது. அந்த லாரியில் ஏறும் பெண்ணை நாம் பார்ப்பதே இல்லை. ஆனாலும் அவள் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

சரி, 'இந்தியா சாங்'குக்குத் திரும்ப வேண்டும் நீங்கள். கதையை முன்னாலேயே படித்துவிடுங்கள், கெட்டுப்போக அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு தடவை சப்டைட்டிலோடு பாருங்கள். இன்னொரு நாள் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்தைத் துரத்திக்கொண்டிருந்தால் குரல் காதில் விழாது. பிடித்துப்போனால் 'லாரி'க்குப் போங்கள். 1981இல் எடுத்த 'அட்லாண்டிக் மனிதன்' கடைசியில் இருக்கட்டும். அதில் பெரும்பகுதி திரை வெறும் கருப்பு, துராஸின் குரல் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.