தூத்துக்குடித் தீவுகளில் பவளம் நட தன்னார்வலராகப் போகலாமா?

பாளையங்கோட்டையில் படிக்கிறீர்கள், நீச்சல் தெரியும், ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வான் தீவில் பவளம் நட ஆசை, எப்படிச் சேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை நல்லது. ஆனால் மரக்கன்று நடும் விழா மாதிரி காலையில் போய் நட்டுவிட்டு மாலையில் திரும்பும் வேலை இல்லை அது. அப்படி யாராவது கூட்டிப்போகிறேன் என்றால் போகாதீர்கள்.

வான் தீவு உட்பட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் கால் வைக்கவே கூடாது. பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டி வாழும் ஓர் உயிர். பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பில் இருக்கின்றன. ஒரு துண்டு ஒடிக்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அதனால்தான் இந்த வேலையை ஆராய்ச்சி அமைப்புகள் அரசோடு சேர்ந்தே செய்கின்றன. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதில் இருக்கிறது. 'அரசு செய்யவேண்டியதை இவர்கள் ஏன் செய்கிறார்கள்' என்று இங்கே ஒருவர் கேட்பார். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மூழ்கி எண்ணிக்கொண்டிருக்க ஆள் வேண்டும், அதற்காகத்தான்.

அனுமதி கிடைத்த பிறகு நடுகை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். துண்டு எடுப்பதில்தான் முதல் தவறு வரும். அலையாலோ நங்கூரத்தாலோ ஏற்கெனவே ஒடிந்து மணலில் கிடக்கும் உயிருள்ள துண்டுகளைத்தான் முதலில் தேட வேண்டும். போதாவிட்டால் தாய்ப் பவளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. மான்கொம்புப் பவளம் போன்ற கிளைவிடும் இனங்கள்தான் வசதி; 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் போதும். உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும், அவற்றை வெட்டுவது நட்டம். வெட்டிய துண்டைக் கடல்நீர் வாளியில், நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைக்க வேண்டும். சளி மாதிரி கோழை விட ஆரம்பித்தால் அது தவிக்கிறது என்று பொருள். உடனே தண்ணீரை மாற்றுங்கள்.

துண்டை நடுவது சிமெண்டுப் பலகையில். அதைப் புதிதாக வார்த்ததும் கடலில் இறக்கக்கூடாது. சில வாரமாவது தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் சுண்ணாம்புக் காரம் இறங்கும். துண்டை நைலான் கயிற்றால் பலகையோடு இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டு தளர்ந்தால் அலைக்கு ஆடி, பலகையில் உரசி, சதை தேய்ந்து எலும்பு தெரியும், அதில் பாசி ஏறும், பிறகு பிழைக்காது. நட்டது சாவதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இந்தத் தளர்ந்த கட்டுதான். பலகைகளை மணலில் வைக்காமல், காலுள்ள சட்டத்தின் மேல் தூக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் வண்டல் மூடிவிடும். எடுத்த ஆழத்திலேயே நட வேண்டும். இரண்டு மீட்டரில் இருந்ததை ஐந்து மீட்டரில் வைத்தால் வெளிச்சம் போதாது.

இதற்குப் பிறகுதான் ஆள் அதிகம் தேவைப்படும் வேலை. முதல் சில மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்கி, மென்மையான தூரிகையால் பலகையில் பாசியைத் துடைக்க வேண்டும், பவளத்தின் மேல் படாமல். பவளத்தைத் தின்னும் சிறு நத்தைகளைக் கையால் பொறுக்க வேண்டும். இதைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் பார்ப்பதில்லை, அதனால் இதற்குப் பணம் தரவும் ஆள் குறைவு.

காலமும் பார்க்க வேண்டும். பங்குனியிலிருந்து வைகாசி வரை நீர் சூடாகும். 30, 31 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பெரிய வெளுப்பு வந்தது. ஆடிக் காற்றிலோ கடல் கலங்கி, கை நீட்டினால் விரல் தெரியாது. இந்த இரண்டு காலத்திலும் நடக்கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும், தீவைக் காப்பது நடுகையால் அல்ல என்றே சொல்வேன். வான் தீவு 1986-ல் ஏறத்தாழ 16 ஹெக்டேர் இருந்தது, 2014-ல் 2 ஹெக்டேர் அளவுக்குக் கரைந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டிய காலத்தின் கடன் அது. அலையைத் தடுத்த பவளப்பார் போனதும் மணல் போயிற்று. விலாங்குசல்லித் தீவு மூழ்கியே விட்டது. 2015-லிருந்து சென்னை ஐஐடி வடிவமைத்த, டன் கணக்கில் எடையுள்ள துளையிட்ட சிமெண்டு அமைப்புகளைக் தீவின் கடல் பார்த்த பக்கம் இறக்கியதில் அலை உடைந்து வான் தீவில் மணல் மறுபடி சேர்ந்தது. துளை ஏன் என்றால், முழுச் சுவர் வைத்தால் அலை மோதித் திரும்பி அடிமணலை அரித்துவிடும். துளை வழியே நீர் வேகம் குறைந்து போகும், மீனும் ஒதுங்கும். கரியாசல்லித் தீவுக்கும் இதே வழியை அரசு கையிலெடுத்திருக்கிறது.

தீவின் மணலைக் கீழே பிடித்து வைப்பது கடல்புல். அது அழிந்த இடத்தில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, வேர்த்தண்டோடு எடுத்த புல்லை அதில் முடிந்து மண்ணோடு படியப் பதிக்கிறார்கள். நார் மட்கும் முன் வேர் பிடித்துவிடும். நைலான் கயிறு இதற்கு ஆகாது, பிறகு அதுவே குப்பையாகும்.

அடுத்தது தொலைந்த வலை. பாரில் சிக்கிய தங்கூசி (நைலான் இழை) வலையைப் படகிலிருந்து இழுக்கவே கூடாது. இழுத்தால் வலையோடு ஒரு பவளக் காடே பெயர்ந்து வரும். இருவராக இறங்கி, ஒருவர் வலையைத் தாங்க ஒருவர் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். பவளம் வளர்ந்து மூடிய பகுதியை அப்படியே விட்டு, சுற்றி மட்டும் நறுக்குங்கள். மீனவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; வலை தொலைந்தால் முதல் நட்டம் அவர்களுக்குத்தான். தருவைகுளம், வெள்ளப்பட்டி, சிப்பிகுளத்துக்காரர்களுக்குத் தெரிந்த பார் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களைக் கேட்காமல் தொடங்கிய எந்தத் திட்டமும் நிற்காது.

சில தீவுகளில் சீமைக்கருவேலம் ஏறியிருக்கிறது. வேர்க்கழுத்துக்குக் கீழே, ஓரடி ஆழம் வரை தோண்டி எடுக்காமல் வெட்டிப்போட்டால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடுங்கினாலோ மணல் பறக்கும். பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் ராவணன் மீசை, அடப்பங்கொடி, உள்ளே பூவரசு, உகா என்று வைத்துக்கொண்டே போக வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். நெல்லையிலிருந்து தீவைக் காக்க வர விரும்பும் நாம், பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அந்தத் துணி வான் தீவுக்குப் போகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாமிரபரணி புன்னைக்காயலில் இதே கடலில்தான் கலக்கிறது. படித்துறையில் துணியைப் பொறுக்கும் இளைஞர்கள் உதவிக்கு ஒரு வண்டிகூடக் கிடைக்காமல் அல்லாடுகிறார்கள்; பக்தி மனம் புண்படும் என்று யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இது தாங்க முடியாத வருத்தம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முறையான ஸ்கூபா பயிற்சி முடியுங்கள். அசையாமல் மிதக்கப் பழகாதவர் துடுப்புக் காலால் ஒரே உதையில் பத்து வருட வளர்ச்சியை உடைப்பார். அதுவரை எண்ணப் பழகுங்கள்: ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேருங்கள். பாரில் 20 மீட்டர் நாடாவை விரித்து, அதன் கீழே உயிர்ப்பவளம் எத்தனை சென்டிமீட்டர், பாசி எத்தனை, மணல் எத்தனை என்று குறிப்பதும் அதே பொறுமைதான். குறிப்பை நீர் புகாத பலகையில் பென்சிலால் எழுதுங்கள், பேனா நனைந்தால் எழுதாது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே நாடாவை விரிக்க ஏதுவாக, இரு முனையிலும் ஆணி அடித்துவிட்டு வர மறக்காதீர்கள்.